வலி மாத்திரையை திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்? டிராமடால் கட்டுப்பாடும் காரைக்காலின் எல்லைச் சிக்கலும்

இடுப்பு வலி, முட்டி வலி, நரம்பு வலி என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவரா நீங்கள்? அப்படியென்றால் அந்த மாத்திரை அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அதில் 'டிராமடால்' அல்லது 'டேபென்டடால்' என்ற பெயர் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் சாப்பிடுவது சாதாரண வலி மாத்திரை இல்லை. ஓபியாய்டு வகையைச் சேர்ந்த மருந்து. மார்ஃபின், கோடீன் எல்லாம் இதே குடும்பம்தான்.

இந்த மருந்துகளைப் பற்றி நாம் பார்க்கும் செய்திகள் பெரும்பாலும் 'போதை மாத்திரை பறிமுதல், இளைஞர்கள் கைது' ரகம்தான். ஆனால் அதே மாத்திரையை நிஜமான வலிக்காக, டாக்டர் சீட்டோடு வாங்கி, வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். கட்டுப்பாடு இறுகும்போது அவர்களுக்கு என்ன நடக்கிறது? மாத்திரையைக் குறைக்க வேண்டுமென்றால் எப்படிக் குறைப்பது? காரைக்கால் மாதிரி மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் உள்ள ஊரில் இது ஏன் கூடுதல் சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓபியாய்டு என்றால் என்ன?

மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைக் கடத்தும் பாதையில் சில ஏற்பிகள் இருக்கின்றன. ஓபியாய்டு மருந்து அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, வலி தெரிவதைக் குறைக்கிறது. வலிக்கான காரணத்தைச் சரிசெய்வதில்லை.

ஆபரேஷன் முடிந்த சில நாட்கள், எலும்பு முறிவு, புற்றுநோய் வலி போன்றவற்றுக்கு இது தேவையான மருந்து. சிக்கல் வருவது நாள்பட்ட வலியில்தான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை மருத்துவ உலகம் நாள்பட்ட வலி என்கிறது. இந்த வலிக்கு ஓபியாய்டைத் தொடர்ந்து கொடுத்தால், உடம்பு அதற்குப் பழகிவிடும். முதலில் ஒன்று போதும் என்று இருந்தது, பிறகு இரண்டு தேவைப்படும்.

நம் ஊரில் பலருக்கு தாங்கள் ஓபியாய்டு சாப்பிடுவதே தெரியாது. காரணம், கலவை மாத்திரை. 325 மி.கி. பாராசிட்டமாலோடு 37.5 மி.கி. டிராமடால் சேர்த்து வருகிற மாத்திரை ரொம்பப் பரவலாக எழுதப்படுகிறது. 'அது பாராசிட்டமால்தானே' என்று நினைத்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அட்டையில் என்ன பார்க்க வேண்டும்? பெயரை மட்டும் நம்பாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் விவரத்தைப் படியுங்கள். சிவப்பு நிறத்தில் 'என்ஆர்எக்ஸ்' என்ற ஆங்கிலக் குறியீடு இருந்தால், அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்து என்று அர்த்தம்.

டிராமடால் கட்டுப்பாடு எப்போது வந்தது?

2014 மார்ச் 1 முதல் 'எச்1' என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. டிராமடால் அதில் இடம்பெற்றது. இந்த அட்டவணையில் உள்ள மருந்தை விற்றால், எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் மெடிக்கல் ஷாப்பில் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் தவறான பயன்பாடும் கடத்தலும் நிற்கவில்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிராமடாலை என்டிபிஎஸ் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் விற்பது வெறும் விதிமீறல் இல்லை. போதைப்பொருள் வழக்காகவே ஆகலாம்.

அப்போது டேபென்டடால் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. 2011-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற மருந்து இது. டிராமடாலுக்கு கெடுபிடி கூடியதும், போதைக்காகத் தேடியவர்களின் பார்வை இதன் பக்கம் திரும்பியது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் பல இடங்களில் போலீஸ் வழக்குகளாக வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். விழுங்குவதற்காகத் தயாரித்த மாத்திரையை ரத்தக்குழாயில் ஏற்றினால் உயிரே போகலாம்.

2025 பிப்ரவரியில் இந்த மருந்து சர்வதேசச் செய்தியும் ஆனது. டேபென்டடாலையும் காரிசோபுரோடால் என்ற தசைத் தளர்வு மருந்தையும் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவதை பிபிசி புலனாய்வு வெளிக்கொண்டு வந்தது. அதைத் தொடர்ந்து அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிட்டது.

ஆக, கட்டுப்பாட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 2.26 கோடி பேர் ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். 10 முதல் 75 வயது வரையிலான மக்கள்தொகையில் இது 2.1%.

காரைக்காலில் என்ன தனிச் சிக்கல்?

காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கி.மீ. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 லட்சத்து சொச்சம். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். வடக்கே நண்டலாறு தாண்டினால் தரங்கம்பாடி பக்கம். பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் மாநிலம் மாறிவிடும். ஆனால் தலைநகரான புதுச்சேரிக்குப் போக 130 கி.மீ.க்கு மேல் பயணம்.

மருந்துச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் மெடிக்கல் ஷாப்புக்கு லைசென்ஸ் கொடுப்பதும் சோதனை போடுவதும் அந்தந்த மாநில, யூனியன் பிரதேச மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. காரைக்கால் கடை புதுச்சேரி அரசின் கீழ். நாகூர் கடை தமிழ்நாடு அரசின் கீழ். பதிவேடோ அந்தந்தக் கடையில். ஒரு கடையில் எழுதியது இன்னொரு கடைக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். கற்பனை மனிதர்தான், ஆனால் கணக்கு நிஜம்.

மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கி, வலை இழுத்தே 52 வயதாகிவிட்ட ஒருவர். இடுப்பு வலி மூன்று வருஷமாக இருக்கிறது. காரைக்காலில் பார்த்த டாக்டர் அந்தக் கலவை மாத்திரையை காலை ஒன்று, ராத்திரி ஒன்று என எழுதுகிறார். டிராமடால் கணக்கு 75 மி.கி. வலி குறையவில்லை என்று நாகப்பட்டினத்தில் இன்னொரு டாக்டரைப் பார்க்கிறார். பழைய சீட்டைக் காட்டவில்லை. அவர் 50 மி.கி. டிராமடால் கேப்சூல் இரண்டு வேளைக்கு எழுதுகிறார். இப்போது மொத்தம் ஒரு நாளைக்கு 175 மி.கி. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று யாரோ கொடுத்த தூக்க மாத்திரையும் சேர்கிறது. உடம்பு அசதிக்கு சாயங்காலம் கொஞ்சம் சரக்கு.

இதில் இரண்டு டாக்டர்களும் தப்பாக எழுதவில்லை. இரண்டு கடைகளும் சீட்டு பார்த்துத்தான் கொடுத்தன. ஆனால் மொத்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஓபியாய்டோடு தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால், தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகி நின்றுபோகும் ஆபத்து உண்டு. டிராமடால் அளவு மீறினால் வலிப்பும் வரலாம். மது சுலபமாகக் கிடைக்கிற ஊரில் இது ஏட்டளவு ஆபத்து இல்லை.

அப்போ நாளைக்கே நிறுத்திடலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்: மாதக்கணக்கில் சாப்பிட்ட ஓபியாய்டை டாக்டரிடம் கேட்காமல், ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

திடீரென நிறுத்தினால் ஒரு நாள் வாக்கில் உடம்பு காட்ட ஆரம்பிக்கும். வியர்வை, மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, உடம்பு சிலிர்ப்பு, தூக்கமின்மை, பதற்றம். கூடவே கை, கால், இடுப்பு எல்லாம் வலிக்கும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'மாத்திரையை விட்டதும் வலி இரண்டு மடங்கா வந்துடுச்சு, அப்போ இந்த மாத்திரை எனக்கு வேணும்தான் போல' என்று முடிவு செய்துவிடுவார்கள். உண்மையில் அந்த வலியில் ஒரு பங்கு மருந்து நின்றதால் வந்தது. உடம்பு பழகப் பழக அது குறையும்.

இன்னொன்று: உடம்பு மருந்துக்குப் பழகுவதும் போதைக்கு அடிமையாவதும் ஒன்றல்ல. டாக்டர் சொன்னபடி சாப்பிட்டவருக்கும் உடம்பு பழகிவிடும். அது அவர் குற்றம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் 'மாத்திரைக்கு அடிமையாயிட்டாரு' என்று பேசினால், அவர் மறைத்துச் சாப்பிட ஆரம்பிப்பார். எல்லை தாண்டிய கடைக்கும் போவார்.

அமெரிக்கா செய்த தவறு என்ன?

ஓபியாய்டு விஷயத்தில் இரண்டு பக்கமும் சூடு பட்ட நாடு அமெரிக்கா. 1990-களின் பிற்பகுதியில் நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டை அள்ளி எழுதினார்கள். அது பெரும் மரண அலையாக மாறியது. 2022-ல் மட்டும் எல்லா வகைப் போதைப்பொருட்களாலும் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அதில் பெரும்பங்கு இன்று சட்டவிரோத ஃபென்டனில்.

2016-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஓபியாய்டைக் குறைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மாநில அரசுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கறாரான சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டன. பல நோயாளிகளுக்கு மருந்து சடாரெனக் குறைக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது: திடீரென நிறுத்தியதால் கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை வரை நடந்திருக்கிறது என்று. 2021-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நீண்டகாலம் அதிக அளவில் ஓபியாய்டு எடுத்த 1,13,618 பேரின் தகவல்களை அலசியது. அளவு குறைக்கப்பட்டவர்களிடம் அளவு மீறிய பாதிப்புகளும் மனநல நெருக்கடிகளும் கூடுதலாக இருந்தது தெரிந்தது.

அதனால் 2022-ல் சிடிசி தன் வழிகாட்டுதலை மாற்றி எழுதியது. ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு, மாதத்துக்கு 10% அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கிக்கொள்ளக் கூடியது என்கிறது அது.

மேலே பார்த்த 175 மி.கி. உதாரணத்தில் 10% என்பது சுமார் 17 மி.கி.தான். முழு மாத்திரைகளை வைத்து இந்தக் கணக்கை வீட்டில் நாமே போட முடியாது. எந்த வேளை மாத்திரையை முதலில் குறைப்பது, எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இடையில் கஷ்டமாக இருந்தால் அந்த அளவிலேயே சில வாரம் நிறுத்தி வைத்து, பிறகு தொடரலாம். அவசரமே இல்லை.

குறைத்தால் வலி கூடாதா?

எல்லோருக்கும் வரும் நியாயமான பயம் இது. ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 240 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் நாள்பட்ட முதுகு வலி, அல்லது இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மான வலி. ஒரு பிரிவுக்கு ஓபியாய்டு, இன்னொரு பிரிவுக்கு மற்ற வலி மருந்துகள். 12 மாதம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலை செய்யும் திறனில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வலியின் அளவு ஓபியாய்டு எடுக்காதவர்களிடம்தான் சற்றுக் குறைவு. 2018-ல் இது வெளியானது.

இங்கிலாந்தில் 608 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. வலியைப் பற்றிய குழு வகுப்புகள், தனிப்பட்ட முறையில் நர்ஸ் ஆலோசனை, படிப்படியாகக் குறைக்கும் திட்டம் ஆகியவை ஒரு பிரிவுக்குக் கிடைத்தன. ஒரு வருஷத்தில் அந்தப் பிரிவில் 29% பேர் ஓபியாய்டை முழுசாக விட்டார்கள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 7% பேர்தான். வலியால் வாழ்க்கை முடங்கும் அளவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது, மாத்திரையை விட்டதால் அவர்கள் நிலைமை மோசமாகவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இவ்வளவு துணை கிடைத்தும் 10 பேரில் 7 பேரால் ஒரு வருஷத்தில் முழுசாக விட முடியவில்லை. துணையே இல்லாமல் 'நீயே நிறுத்திக்கோ' என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரைக்குப் பதில் என்ன?

நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அது பரிந்துரைப்பவை: வலியைப் பற்றிய புரிதல், உடற்பயிற்சி, சில பிசியோதெரபி முறைகள், மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் ஓபியாய்டு அல்லாத அழற்சி குறைக்கும் மாத்திரைகள். வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்பவை: ஓபியாய்டு, இழுவைச் சிகிச்சை, நம்மில் பலர் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்.

ஒரு எச்சரிக்கை. ஓபியாய்டை விட்டுவிட்டு, டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைக்குக் கடையில் நேராகப் போய் மாறிவிடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேறு வம்பு. சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல், நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. எந்த வலி என்று கண்டுபிடித்த பிறகுதான் மருந்து.

புற்றுநோயாளிகளுக்கும் இதே விதியா?

இல்லவே இல்லை. புற்றுநோய் வலிக்கும், கடைசிக்கட்ட நோயாளிகளுக்கும் மார்ஃபின் அத்தியாவசிய மருந்து. அங்கே நம் பிரச்சினை நேரெதிர்: மருந்து கிடைக்காமை. 2017-ல் லான்செட் ஆணையம் போட்ட கணக்கில், இந்தியாவில் இப்படிப்பட்ட வலிக்குத் தேவைப்படும் ஓபியாய்டில் வெறும் 4% தான் கிடைக்கிறது. மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசு அனுமதியோடு அபின் விளையும் நாட்டில் இந்த நிலைமை.

இதைச் சரிசெய்யத்தான் 2014-ல் என்டிபிஎஸ் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளை வைத்திருக்க, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்று ஆனது. எனவே உங்கள் வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் மருந்தில் கை வைக்காதீர்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

1. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். காரைக்காலில் வாங்கியது, நாகையில் வாங்கியது, சொந்தக்காரர் கொடுத்தது எல்லாம்.

2. வலிக்கு ஒரே டாக்டர், ஒரே நோட்டு. எந்த ஊரில் காட்டினாலும் அதே நோட்டில் எழுதி வாங்குங்கள்.

3. தூக்க மாத்திரை, மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. சீட்டைக் கையில் வையுங்கள். என்டிபிஎஸ் விதிப்படி, இந்த வகை மருந்தைத் தனிநபர் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 டோஸ் வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சைக்கு டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை. சோதனைச்சாவடி தாண்டும்போது சீட்டு இருந்தால் வீண் பதற்றம் இல்லை.

5. குறைத்த பிறகு, 'இன்னைக்கு வலி தாங்கல' என்று பழைய அளவை ஒரேயடியாக விழுங்காதீர்கள். உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். உயிருக்கு ஆபத்து.

6. மனசு நொந்துபோனால் டெலிமானஸ் எண் 14416. பழக்கத்திலிருந்து மீள ஆலோசனைக்கு 14446. இரண்டுமே கட்டணமில்லாதவை.

அரசு செய்ய வேண்டியது என்ன?

கடைகளில் சோதனை போடுவது அவசியம்தான். ஆனால் மாத்திரை கிடைப்பதை மட்டும் தடுத்தால், வலி உள்ளவர் அடுத்த ஊருக்குப் போவார், அல்லது கள்ளச் சந்தைக்குப் போவார். டிராமடாலுக்குப் பின் டேபென்டடால் வந்த கதை அதைத்தான் காட்டுகிறது.

காரைக்கால் சின்ன மாவட்டம். அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 2016-ல் தொடங்கிய ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் நாள்பட்ட வலிக்கென்று தனிப் பிரிவு, அங்கே பிசியோதெரபிஸ்டும் மனநல ஆலோசகரும், நோயாளி கையில் ஒரு வலி நோட்டு, எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு இடையே தகவல் பரிமாற்றம். இவையெல்லாம் 2 லட்சம் பேர் உள்ள ஊரில் செய்யக் கூடிய வேலைகள்தான். வலை இழுத்தும் நாற்று நட்டும் மூட்டை தூக்கியும் தேய்ந்த இடுப்போடு வருபவருக்கு 'இந்த மாத்திரை இனி கிடையாது' என்று சொல்லும் கவுன்ட்டர் மட்டும் இருந்தால் போதாது. 'வாங்க, மெதுவா குறைக்கலாம்' என்று சொல்லும் ஓர் இடமும் அதே ஊரில் இருக்க வேண்டும்.